பழி பம்பு மேல... பிழை ஆயில்ல!

டிராக்டர் லிஃப்ட் தூக்கவில்லை என்றால், கிராமத்தில் முதலில் வரும் வார்த்தை 'பம்பு போயிடுச்சு' என்பதுதான். டீக்கடையில் நிற்பவரும் அதையே சொல்வார். வாடகைக்கு வண்டி பிடித்தவரும் அதையே சொல்வார். சில நேரம் பட்டறைக்காரரும் வண்டியைத் திறந்து பார்க்கும் முன்பே அதைச் சொல்லிவிடுவார். போர்வெல் மோட்டார் தேய்ந்துபோனால், 'போர்ல மணல் வருது' என்று காரணம் சொல்லத் தெரிந்த விவசாயி, டிராக்டரின் ஹைட்ராலிக் பம்பு தேயும்போது மட்டும் அது எதைக் குடித்தது என்று பார்ப்பதில்லை.

ஹைட்ராலிக் பம்பு தானாகக் கெடுவது குறைவு. தண்ணீர் கலந்த ஆயில், தூசி, சேறு, காற்று... இவற்றில் ஏதாவது ஒன்றுதான் பெரும்பாலும் அதைக் கெடுக்கிறது. அந்தக் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு பம்பை மட்டும் மாற்றினால், புதுப் பம்புக்கும் அதே கதிதான். இதில் போவது பம்பு விலை மட்டுமல்ல. சீசன் நாளும் சேர்ந்து போகிறது. அந்த நாளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இரண்டு பம்பு... ஒரே பில் புத்தகம்!

காவிரி டெல்டாவில் இது நன்றாகப் புரியும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் தேதி ஜூன் 12. தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்ததும், குறுவைக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சேற்றுழவு வேண்டும். நாற்றங்காலில் நாற்று காத்திருக்காது, முற்றிவிடும். அந்தச் சில வாரங்களில் ஓடும் ஓட்டத்தில்தான் டிராக்டர் வைத்திருப்பவர் வங்கித் தவணையைக் கட்டியாக வேண்டும்.

மன்னார்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றில், மூன்று ஏக்கர் நிலமும் கடனில் வாங்கிய டிராக்டரும் வைத்திருக்கும் ஒரு குடும்பம். கணவர் வண்டி ஓட்டுவார். எத்தனை மணி ஓடியது, யார் பாக்கி, டீசல் எவ்வளவு என்று நோட்டில் எழுதுவது மனைவி. ஒரு குறுவையில் கேஜ் வீல் மாட்டி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், ரொட்டவேட்டர் மெதுவாகத்தான் மேலே வந்தது. ரேஸ் கொடுத்தால் தூக்கும்; வண்டி சூடானால் அதுவும் இல்லை. பட்டறையில் பம்பு மாற்றினார்கள். இரண்டு நாள் நன்றாகத் தூக்கியது. சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. 'வந்த பம்பு சரியில்லை' என்று இன்னொன்று போட்டார்கள். அதுவும் சீசன் முடியும் முன்பே முனக ஆரம்பித்தது. வேலை சொல்லியிருந்த நாலு பேர் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அன்று இரவு கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனைவி, நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்க, ரெண்டு பம்பு பில்லு இருக்கு. ஆயில் பில்லு ஒண்ணுகூட இல்லையே... பழைய ஆயிலையேவா திரும்ப ஊத்துனாங்க?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆயில் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?"

மறுநாள் காலை, ஊரிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் ஸ்பேனரை எடுக்கும் முன்பு ஒரே ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, வண்டிய ஸ்டார்ட் பண்ணாத. ராத்திரி பூரா நின்னுருக்குல்ல... அடியில என்ன தங்கியிருக்குன்னு முதல்ல பாப்போம்."

டிரெயின் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தியதும் முதலில் வந்தது ஆயில் அல்ல, தண்ணீர். அதன் பின்னால் வந்தது பால் கலந்த காபி நிறத்தில் ஓர் ஆயில். உறிஞ்சும் பக்கத்துச் சல்லடையைக் கழற்றினால், அதில் களிமண்ணும் சாம்பல் நிறப் பசையும் அப்பியிருந்தன. அந்தச் சாம்பல் பசைதான் முதல் பம்பின் உடம்பு, தேய்ந்த இரும்புத்தூள். இரண்டாவது பம்பு அதைக் குடித்தது. மூன்றாவது பம்பு, இரண்டு பம்பின் தூளையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? வண்டியின் பின்பக்கம், பிடிஓ ஷாஃப்டில் பழைய வைக்கோலும் பிளாஸ்டிக் கயிறும் இறுகச் சுற்றி, அதன் ஆயில் சீலை அறுத்திருந்தன. ஆயில் வெளியே ஒழுகும் ஓட்டை வழியாகத்தான், வண்டி சேற்றில் இறங்கும்போது தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இரண்டு பம்புக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் அந்த சீலின் விலை ஒன்றுமே இல்லை.

விரல் நகத்தில் மூன்று மூட்டை!

பம்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால், இது ஏன் இப்படி என்பது விளங்கும். பம்பு ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். எதிரே பாரம் தடுக்கும்போது அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள, லிஃப்ட் ஆர்ம் மேலே வருகிறது. டிராக்டர் ஹைட்ராலிக்கில் 150 பார், அதற்கு மேலும்கூட அழுத்தம் ஏறும். 150 பார் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் சுமார் 150 கிலோ. அதாவது, விரல் நகம் அளவு இடத்தில் மூன்று சிமென்ட் மூட்டையை அடுக்கியதுபோல.

இவ்வளவு அழுத்தத்தில் ஆயில் பின்பக்கமாக நழுவாமல் இருக்க, பம்புக்குள் இருக்கும் பற்சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி, தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மண் துகள்கூட அங்கே அரம்போல அராவும். இடைவெளி பெரிதாகப் பெரிதாக ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவும். ஆயில் சூடாகி இளகினால் இன்னும் அதிகமாக நழுவும். காலையில் தூக்கும் வண்டி, மதியம் தூக்காமல் போவது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டை டிராக்டருக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அதற்கு முன்பு கலப்பையை டிராக்டரின் பின்னால் கட்டி இழுப்பார்கள். கலப்பை கல்லில் மாட்டினால், டிராக்டரின் முன்பக்கம் எழும்பி ஓட்டுநர் மீதே கவிழும். கலப்பையை மூன்று புள்ளியில் பிடித்து, ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கி, ஆழத்தையும் தானே சரிசெய்யும் முறையை ஃபெர்குசன் உருவாக்கினார். 1920-களில் காப்புரிமை பெற்றார். 1936-ல் அந்த முறையோடு டிராக்டர் விற்பனைக்கு வந்தது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் வழியாக அந்த வழியில் வந்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் நம் ஊர் வயல்களுக்கும் வந்தன. இன்று எந்த கம்பெனி டிராக்டரை எடுத்தாலும், பின்னால் இருக்கும் அந்த மூன்று புள்ளி அவர் போட்டதுதான்.

பம்பு கடைசியில்தான்!

லிஃப்ட் தகராறு செய்தால், செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவான சோதனைக்கு வர வேண்டும். அந்த வரிசை இது.

முதலில் லீவர்கள். டிராஃப்ட் கண்ட்ரோல், பொசிஷன் கண்ட்ரோல் என்று இரண்டு லீவர் இருக்கும். ஒன்று தவறான இடத்தில் இருந்தாலே மற்றொன்று வேலை செய்யாததுபோலத் தெரியும். பழைய ஃபெர்குசன் வகை வண்டிகளில் பம்பு பிடிஓ ஷாஃப்ட்டோடு சேர்ந்தே சுற்றும். பிடிஓ லீவரைப் போடாவிட்டால் லிஃப்டே தூக்காது. புதிதாக ஓட்ட வந்த பையன்கள் இதில் ஏமாறுவது உண்டு.

இரண்டாவது, ஆயில் அளவு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கலப்பையைக் கீழே இறக்கி வைத்து, என்ஜினை அணைத்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் பம்பு காற்றைச் சேர்த்து உறிஞ்சும். டிப்பர் ஓட்டுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டிப்பர் சிலிண்டர் வண்டி ஆயிலைத்தான் எடுத்துக்கொள்கிறது. அது முழுதாக நீண்டு நிற்கும்போது பெட்டிக்குள் ஆயில் மட்டம் இறங்கும்.

மூன்றாவது, ஆயிலின் நிறம். வண்டி ஓடி நின்றதும், சுத்தமான கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஆயில் பிடித்து, ஓர் இரவு அசையாமல் வைக்க வேண்டும். நுரை மட்டும் இருந்து, கொஞ்ச நேரத்தில் தெளிந்தால், அது காற்று. பால் நிறம் போகவே இல்லை, அல்லது அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கிறது என்றால், தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால், இரும்புத் தகடு ஒன்றைச் சூடாக்கி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடலாம். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். கறுத்துப்போய்க் கருகிய வாடை அடித்தால், ஆயில் அதிகச் சூட்டில் வெந்திருக்கிறது.

நான்காவது, சல்லடையும் ஃபில்டரும். சல்லடையை டீசலில் கழுவலாம். ஆனால், பட்டறையில் கிடக்கும் பனியன் வேஸ்ட்டால் துடைக்கக் கூடாது. அதிலிருந்து பிரியும் நூலே மறுபடி அடைப்பாகும். ஃபில்டர் காகித வகை என்றால் கழுவிப் போடுவது வீண். புதிதுதான் போட வேண்டும்.

ஐந்தாவது, பாரம். வண்டியின் தூக்கும் திறனுக்கு மேல் எடையுள்ள கருவியை மாட்டிவிட்டு பம்பைக் குறை சொல்வதும் நடக்கிறது. கருவியைக் கழற்றிவிட்டு, வெறும் ஆர்ம் எப்படி ஏறுகிறது என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, அப்போதும் தூக்கவில்லை என்றால், மெக்கானிக்கிடம் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். வண்டியின் புத்தகத்தில் உள்ள அழுத்தம் வருகிறதா, வராவிட்டால் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கித் திறந்தே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பம்பின் முறை வருகிறது.

சத்தமும் ஆட்டமும் சொல்லும் சேதி

கருவியைத் தூக்கி வைத்து என்ஜினை அணைத்ததும் அது மெள்ள மெள்ள இறங்குகிறது என்றால், பெரும்பாலும் குறை பம்பில் இல்லை. தூக்கியதைத் தாங்கிப் பிடிப்பது பம்பின் வேலை அல்ல. சிலிண்டரின் சீல், ஓ-ரிங், கண்ட்ரோல் வால்வு ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது, தூக்கிய கருவி விட்டுவிட்டுத் தலையாட்டினாலும் காரணம் அதே கசிவுதான். இறங்க இறங்க, வால்வு மறுபடி மறுபடி தூக்கிக் கொடுக்கிறது.

காலையில் வண்டி எடுத்ததும் பம்பு அலறுகிறது, ரேஸ் கொடுத்தால் அலறல் கூடுகிறது என்றால், சல்லடை அடைத்திருக்கலாம்; அல்லது, அந்த வண்டிக்குப் பொருந்தாத கெட்டியான ஆயிலை ஊற்றியிருக்கலாம். கூழாங்கல்லைத் தகர டப்பாவில் குலுக்குவதுபோலச் சத்தம் வந்தால், பம்புக்கு ஆயில் போதுமான அளவு வரவில்லை. உடனே நிறுத்த வேண்டும். அப்படி ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் பம்பின் உள்பக்கத்தை அரித்துப் பள்ளமாக்கும்.

ஆயில் நுரைக்கிறது, ஆனால் அளவு சரியாக இருக்கிறது என்றால், உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று இழுக்கிறது. பம்பு வெளியே இருக்கும் வண்டிகளில், உறிஞ்சும் குழாயின் இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கிரீஸ் தடவிப் பார்க்கலாம். எந்த இணைப்பில் தடவியதும் சத்தம் குறைகிறதோ, ஓட்டை அங்கேதான்.

ரேஸ் கொடுத்தால்தான் தூக்குகிறது, சூடானால் அதுவும் இல்லை, ஆயிலும் சல்லடையும் சுத்தம், கேஜிலும் அழுத்தம் குறைவு, ரிலீஃப் வால்வும் சரி... இப்போதுதான் 'பம்பு போயிடுச்சு' என்று சொல்ல வேண்டும்.

இடையில், 'ரிலீஃப் வால்வுல ஒரு வாஷர் வெச்சு ஏத்திட்டா நல்லா தூக்கும்' என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்கவே கூடாது. ரிலீஃப் வால்வு என்பது குக்கரின் சேஃப்டி வால்வு மாதிரி. அதை இறுக்கினால் ஹோஸ் வெடிக்கும், பம்பு உடையும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. அதேபோல, டிப்பர் முழுதாக ஏறிய பிறகும் லீவரை இழுத்துப் பிடித்தபடி நிற்பதும் தவறு. ஆயில் போக வழியில்லாமல் ரிலீஃப் வால்வு வழியாகவே பீறிட்டு, சில நிமிடங்களில் கொதிக்கும் சூட்டுக்குப் போய்விடும்.

புதுப் பம்புக்குப் பழைய அழுக்கு வேண்டாம்

மன்னார்குடி குடும்பத்துக்கு அந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் செய்துகொடுத்த வேலையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பழைய ஆயிலை முழுவதும் வடித்தார். பெட்டியின் அடிப்பகுதியைத் துடைத்தெடுத்தார். சல்லடையைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, பிடிஓ சீலைப் புதிதாகப் போட்டார். புத்தகத்தில் சொன்ன வகை ஆயிலை, மூடி திறக்காத கேனிலிருந்து, துணியால் மூடிய புனல் வழியாக ஊற்றச் சொன்னார். கழற்றிய பம்புக்குள் மாட்டும் முன்பே சுத்தமான ஆயிலை ஊற்றிக் கையால் சுற்றினார். காய்ந்த பம்பு சுற்றினால் முதல் நிமிடத்திலேயே உரசிவிடும். என்ஜினைப் போட்டு, ஸ்லோவில் சில நிமிடம் விட்டு, கருவி இல்லாமல் ஆர்மை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றினார். கொஞ்ச நேரம் ஓட்டியதும் அந்த ஆயிலையும் வடித்துவிட்டார். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கழுவுன தண்ணிய யாராச்சும் குடிப்பாங்களா தம்பி?"

மூன்றாவது பம்பு கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், அதையே வைத்து அந்த ஆண்டு தாளடி வரை ஓட்டினார்கள். மனைவியின் நோட்டில் இப்போது டீசல், பாக்கி ஆகியவற்றோடு 'ஆயில் நிறம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. சேற்றுழவு நாள்களில் வாரம் ஒருமுறை அதில் ஒரு வார்த்தை எழுதப்படும். கணவர் மாலையில் வண்டியை நிறுத்தியதும் பிடிஓ ஷாஃப்டில் சுற்றிய வைக்கோலை அரிவாளால் அறுத்தெடுப்பார்.

சேற்றில் ஓடும் வண்டிக்கு இந்த இரண்டு பழக்கமே பெரிய காப்பு. கூடவே, பிரீதர் மூடியில் சேறு அடைக்காமல் பார்ப்பது, வாட்டர் சர்வீஸ் செய்யும்போது சீல், பிரீதர், டிப் ஸ்டிக் பக்கம் தண்ணீரைப் பீய்ச்சாமல் இருப்பது, ஆயில் கேனை மழையில் திறந்து வைக்காமல் இருப்பது எல்லாம் சேர்ந்தால், ஆயில் பல காலம் நிற்கும். ஆயில் மாற்றும் கணக்காகப் புத்தகத்தில் உள்ள மணி நேரம் சாதாரண உழவுக்கானது. பால் நிறம் கண்டுவிட்டால், மணிக்கணக்குப் பார்க்கக் கூடாது. உடனே மாற்ற வேண்டும்.

பணத்தைவிடப் பெரியது!

பம்பு போனால் வாங்கலாம். வாங்க முடியாதவை இரண்டு உண்டு: கையும் உயிரும்.

ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால், ஆயில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பீய்ச்சலாக வரும். அதை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே எறும்பு கடித்ததுபோல ஒரு புள்ளி மட்டும் தெரியும்; முதலில் வலிகூட இருக்காது. உள்ளே சதை அழுகி, விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், 'அழுத்தத்தில் இருந்த ஆயில் உள்ளே போயிடுச்சு' என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். என்ஜினை அணைத்து, கருவியை இறக்கி, லீவரை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை விட்ட பிறகுதான் எந்த இணைப்பையும் கழற்ற வேண்டும்.

இன்னொன்று, தூக்கி வைத்த கருவியின் கீழே போவது. ரொட்டவேட்டர் கத்தி மாற்ற, டிப்பர் பெட்டிக்கு அடியில் கிரீஸ் அடிக்க, 'ஒரு நிமிஷம்தானே' என்று குனிந்தவர்கள் எழுந்திருக்காமல் போனதுண்டு. ஒரு ஓ-ரிங் பிய்ந்தாலோ, ஒரு ஹோஸ் வெடித்தாலோ, விளையாட்டாக ஒரு குழந்தை லீவரைத் தொட்டாலோ போதும். கனமான மரக்கட்டை அல்லது இரும்பு ஸ்டாண்டு முட்டுக்கொடுக்காமல் அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. டிப்பரைத் தூக்கும் முன்பு தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்ப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

இவற்றையெல்லாம் கையால் செய்து பழக விரும்பும் இளைஞர்களுக்கு, ஆந்திர மாநிலம் அனந்தபூர் மாவட்டத்தில் உள்ள கார்லதின்னேயில், மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டர் ஓட்டுதல், பராமரிப்பு இரண்டுக்கும் அங்கே பயிற்சி உண்டு. உள்ளூரில், மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுவோர், 'டிராக்டர் லிஃப்ட் தூக்கவில்லை, என்ன செய்யலாம்?' என்று மட்டும் எழுதாமல், ஐந்து விவரங்களைச் சேர்த்து எழுதினால் பதில் சரியாக அமையும். வண்டியின் மாடலும் மீட்டரில் ஓடிய மணியும், கடைசியாக ஆயில் மாற்றிய தேதி, பாட்டிலில் ஓர் இரவு வைத்த ஆயிலின் நிறம், குறை வருவது குளிர்ந்த வண்டியிலா சூடான வண்டியிலா, என்ஜினை அணைத்ததும் கருவி இறங்குகிறதா இல்லையா. பல பேருக்கு இந்த ஐந்தையும் எழுதி முடிக்கும்போதே பதில் கிடைத்துவிடும். தபால் செலவும் மிச்சம். பம்பு செலவும் மிச்சம்.